மாமாவின் கணினிக்கு வாழ்க்கைப்பட்ட என் கைப்பேசி

இரவு எட்டு மணிக்கு மேல் என்னை அழைப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு: எடுப்பது நானல்ல, மாமா, அதாவது என் மாமனார். தலைபோகிற செய்தியாகவே இருந்தாலும், சாப்பிட்டாயிற்றா, அங்கே மழையா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிய பிறகுதான் அது என்னிடம் வரும்; வந்து சேரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

எல்லாம் அந்த மேசைக் கணினியால் வந்த வினை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மாமா வாங்கியது. வைஃபை அதற்குப் பிறவியிலேயே கிடையாது, முதுகில் இணையக் கம்பியான லேன் கேபிளைச் செருக ஒரு துளை மட்டும் உண்டு. சீட்டு விளையாட அதுவே போதுமாக இருந்தது. பழைய தமிழ் முரசு நாளிதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது என்று தேக்காவில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் முரசின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் மாமாவின் பாட்டு ஒன்று அச்சானது என்பது, அத்தை இன்றுவரை நம்ப மறுக்கும் செய்திகளில் தலையாயது. அதைத் தேடி எடுத்து அத்தையின் முகத்துக்கு நேரே காட்டியாக வேண்டும். அந்தக் காலத்து அச்செழுத்து கைப்பேசித் திரையில் மாமாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆகவே பெரிய திரை வேண்டும், ஆகவே அந்தக் கணினிதான் வேண்டும், ஆகவே அதற்கு இணையம் வேண்டும்.

ரவுட்டர் இருப்பது கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். மாமாவின் அறை கோடியில். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது பாம் ஷெல்டர் என்னும் குண்டுத் தடுப்பு அறை. 1997இல் வந்த சட்டத்தின் புண்ணியத்தில் புதிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடியேறிவிட்ட இந்தக் காங்கிரீட் அறைக்குள் வைத்து, அரிசி மூட்டை, தீபாவளிச் சரவிளக்கு, அத்தையின் தாய்வீட்டுப் பித்தளைக் குடம் ஆகியவற்றை எதிரி விமானங்களிடமிருந்து நாங்கள் காப்பாற்றி வருகிறோம். குண்டுக்கே அசராத சுவர் வைஃபைக்கா வழிவிடும்? 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைக் கண்டதுமே திரும்பிவிடுகிறது, 2.4 மட்டும் எங்கெங்கோ சுற்றி வளைத்து, பாதி உயிரோடு மாமாவின் அறைக்கு வந்து சேர்கிறது.

லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஓடும் என்பதால் கூடத்திலிருந்தே இழுத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஷெல்டர் சுவரைக் குடைந்து கேபிளைக் கொண்டுபோக அனுமதியில்லை. சுற்றிக்கொண்டு போனால் சமையலறை வாசலைக் குறுக்கே தாண்ட வேண்டும். “நான் தடுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால், உங்க பாட்டு வந்து சமைக்குமா?” என்று அத்தை கேட்டதில் கேபிள் மறுபடியும் சுருட்டப்பட்டது.

அடுத்து என் வீட்டுக்காரர் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயருக்குப் போய், கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு வைஃபை அடாப்டரை வாங்கி வந்தார். யூஎஸ்பியில் செருகினால் வேலை முடிந்தது என்றார், முடியவில்லை. அதை இயக்கத் தேவையான டிரைவர் மென்பொருள் கூடவே வந்த குறுவட்டில் இருந்தது. கணினியின் குறுவட்டுத் தட்டோ, கொண்டை ஊசியை விட்டு நெம்பியும் வெளியே வர மறுத்தது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்றால், அந்த இணையம் வருவதற்காகத்தானே இத்தனை பாடு! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. அலுவலகத்தில் நூறு பேருக்குக் கணினி வழிகாட்டும் மனிதர், அடாப்டரைக் கையில் வைத்து உருட்டியபடி, “வேறே கணினி வாங்கிடலாம்ப்பா” என்றார். மாமா அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தீர்த்து வைத்தவள் எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்கின் பேத்தி. நான் கொடுத்தனுப்பிய கேசரிக் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவள், நின்ற இடத்திலிருந்தே விஷயத்தைக் கேட்டாள், என் கைப்பேசியை வாங்கினாள், சார்ஜ் போடும் கேபிளால் அதைக் கணினியோடு இணைத்தாள், அமைப்புகளுக்குள் போய் யூஎஸ்பி டெத்தரிங் என்பதைத் தட்டினாள். கைப்பேசி வைஃபையை வாங்கிக் கம்பி வழியே கணினிக்கு ஊட்டத் தொடங்கியது. கணினியும் அதை லேன் கேபிள் என்றே நம்பி ஏமாந்தது. என் வீட்டுக்காரரின் ஐபோன் இந்தச் சேவையிலிருந்து தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் அது தன் மொபைல் டேட்டாவைப் பங்கு வைக்குமே தவிர, வீட்டு வைஃபையை வாங்கிப் பிறருக்குக் கொடுக்காது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இரவு உணவு முடிந்ததும் என் கைப்பேசி மாமாவின் மேசைக்குப் போய்விடுகிறது. மாமா 1960களின் முரசைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்; பாட்டைத் தேடப் போனவர் கப்பல் வருகை, சினிமா விளம்பரம், மரண அறிவித்தல் எதையும் விட்டுவைப்பதில்லை. அலுவலகச் செய்திகள் வந்தால் அவரே பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டி அனுப்பிவிடுகிறார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை வேலைக்கு நான் மனமுவந்து ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து அம்மா அழைப்பதும் அந்த நேரம்தான். எங்கள் கல்யாணத்தில் வேன் விஷயமாக வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு அம்மாவும் மாமாவும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. கைப்பேசியைப் பிடுங்கினால் பக்கம் பாதியில் நின்றுவிடும். கேபிளோ முழ நீளம். முதல் நாள் வேறு வழியின்றி, தண்டவாளத்தில் காது வைத்து ரயில் வருகிறதா என்று கேட்கும் சிறுவனைப் போல மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, “நல்லா இருக்கீங்களா தங்கச்சி?” என்றார் மாமா. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இருக்கேன் அண்ணே, உங்க முழங்கால் வலி எப்படி?” என்றது அம்மாவின் குரல். அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

இதற்கிடையே என் வீட்டுக்காரர், என் கைப்பேசி தந்த இணையத்தைக் கொண்டே டிரைவரை இறக்கி, அடாப்டருக்கும் உயிர் கொடுத்துவிட்டார். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் எட்டு மணி ஆனதும், “இது ரொம்ப மெதுவா இருக்கும்மா, உன் போனையே கொடு” என்கிறார் மாமா. நேற்று அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்ததால் அம்மாவின் அழைப்பை நானே எடுத்தேன். “அண்ணன் இல்லையா? சரி, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார் என்னைப் பெற்றவர். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.