ஒரு சொல்லுக்குப் போட்ட சிவப்பு வட்டம்

எங்கள் பாடசாலையில் ஆலோசனை அறை என்று ஒன்று இருக்கிறது. முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டிருந்த அறை. கதவு அலுவலகத்தைப் பார்த்தபடி இருப்பதால், உள்ளே போகிற பிள்ளையை அதிபர் முதல் சும்மா வந்து நிற்கிற பெற்றோர் வரை எல்லோரும் காணலாம். பொறுப்பேற்ற முதல் தவணை முழுக்க அங்கே நான் தனியாகத்தான் இருந்தேன். ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "இஞ்ச வந்தா விசர் எண்டு சொல்லுவினம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். பாடவேளைகள் போக மிஞ்சிய நேரத்தில்தான் வழிகாட்டலும் ஆலோசனையும். பிள்ளைகள் வராவிட்டால் நாங்கள்தானே போக வேண்டும்? பாடமில்லாத நேரங்களில் நூலகத்தில் போய் இருக்கத் தொடங்கினேன். அவனைக் கவனித்தது அங்கேதான்.

தரம் 9 பையன். வகுப்பில் சைவநெறிப் பாடம் நடக்கும்போது நூலகத்துக்கு வந்துவிடுவான். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறார். இஸ்லாம் படிப்பிக்க எங்களிடம் ஆள் இல்லை. பரீட்சை மட்டும் உண்டு. அவன் தன் சமய நூலை விரித்து வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். "விளங்காத இடம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றான். இங்கே யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் நான் ரீச்சர். புத்தளத்தில் வளர்ந்த அவனுக்கு மட்டும் டீச்சர்.

அன்று பின்னேரம் அவனுடைய கட்டுரைக் கொப்பியைப் புரட்டினேன். முதல் கட்டுரை இரண்டு பக்கம், அடுத்தது அரைப் பக்கம், அதற்குப் பிறகு எட்டு வரி. முதல் கட்டுரையில் 'உம்மா மீன் ஆணம் காய்ச்சினா' என்ற வரியில் 'ஆணம்' என்ற சொல்லைச் சிவப்பால் வட்டமிட்டு, மேலே 'குழம்பு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அதோடு விடவும் இல்லை. பொதுவான பிழைகள் என்று அதை வகுப்பில் வாசித்தும் காட்டியிருந்தேன். அடுத்த நாளே பெடியள் அவனை 'ஆணம்' என்று கூப்பிடத் தொடங்கியதை அவனுடைய வகுப்பாசிரியர்தான் பிறகு சொன்னார். அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆணம் என்றால் குழம்பு என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறது. தமிழ்ப் பட்டதாரி நான்!

மலையகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் 'வாங்க, போங்க'வையும் நான் இப்படித் திருத்தியிருக்கிறேன். எங்கட தமிழ்தான் சுத்தத் தமிழ் என்கிற எண்ணம் யாழ்ப்பாணத்தில் தண்ணியோடு சேர்ந்து உள்ளே போகிறது போலும்.

தகப்பனைக் கூப்பிட்டுக் கதைத்தேன். மகன் ஏதோ குழப்படி செய்துவிட்டான் என்று பயந்துதான் வந்தார். அவர் பிறந்தது யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு ஒன்பது வயது.

"முப்பதாம் திகதி டீச்சர். ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க. உம்மா அடுப்புல வச்ச சோத்த அப்படியே விட்டுட்டு வந்தா. இந்த ஊர்ல இவன் படிக்கோணும்டுதான் திரும்பி வந்தேன்."

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாண நகரத்தோடு சேர்ந்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தவள் நான். அந்தத் திகதி எனக்கு மறக்காது. அதே திகதி ஐந்து வருடத்துக்கு முன்பே இன்னொரு வீட்டுக்கும் நடந்திருக்கிறது என்பது, அந்தக் கதிரையில் அவர் முன்னால் இருக்கும்வரை, எனக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்தது. நான் நடந்த கதையை அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்கும் நடந்ததுதானே என்று சமன் செய்கிற மாதிரிப் போய்விடும் என்று தோன்றியது.

போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அலகுப் பரீட்சை வைப்பதால் மகனுக்கு ஜும்ஆத் தொழுகை தவறுகிறது, ஏதும் செய்யலாமா என்று. ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். "ஒரு பெடியனுக்காக நேரசூசியை மாத்திறதோ?" என்று ஒருவர் எழும்பினார். அரை மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் அதிபர்தான், "வாணி விழாவுக்கு எத்தினை பாடவேளையை விடுறம், இதுக்கு ஒண்டை நகர்த்தேலாதோ?" என்று முடித்துவைத்தார். பரீட்சை வியாழனுக்குப் போனது. வெள்ளி பின்னேர ரியூசனுக்கு முதல் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சந்தோசம்தான்.

வகுப்பில் அகராதியைக் கொண்டுபோய் வாசித்து, பிழை விட்டது நான்தான் என்று சொன்னேன். பெடியள் சிரித்தார்கள், இந்தமுறை என்னைப் பார்த்து. பட்டப்பெயர் உடனே போய்விடவில்லை. இப்போதும் மைதானத்தில் கேட்கும். ஆனால் அவனும் திருப்பி யாரையோ 'சொதி' என்று கூப்பிடுகிறான்.

மூன்றாம் தவணைக் கட்டுரை ஒன்றரைப் பக்கம். 'நோன்புப் பெருநாளுக்கு உம்மா இறைச்சி ஆணம் (குழம்பு) காய்ச்சினா' என்று எழுதியிருந்தான். அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் சிவப்பால் வெட்டினேன். கீழே மூன்று இடத்தில் றகரப் பிழை. அவற்றையும் வட்டமிட்டுத்தான் கொடுத்தேன்.