16 தலைப்பு, ஒட்டாத ஸ்டாம்பு, ஏற்காட்டின் கடைசி பஸ்

சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாக ஒரு இணையச் செய்தித் தளம் தொடங்கலாம் என்று நாங்கள் நாலு பேர் முடிவெடுக்க ஒரு மாலை போதுமாக இருந்தது. பெயர், டொமைன், லோகோ எல்லாம் ஒரே வாரம். எதை எழுதுவது என்பதற்குத்தான் மூன்று மாதம் பிடித்தது.

அம்மாப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், தட்டுவடை செட்டை மென்றுகொண்டே 16 தலைப்பு எழுதினோம். அரசியல், சினிமா, கிரிக்கெட், ஆன்மிகம், ஒன்று பாக்கியில்லை. மாம்பழத்துக்கே தனிப் பிரிவு! சீசன் முடிந்தபிறகு அங்கே எதைப் போடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் அடி உள்ளாட்சிச் செய்தியில் விழுந்தது. கூட்டத் தீர்மானங்களை வாங்கி எளிய தமிழில் போடலாம் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். "நீங்க எந்தப் பேப்பர் சார்? கார்டு இருக்கா?" என்றார் எழுத்தர். இல்லை. "அப்ப ஆர்டிஐ போடுங்க." போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட மறந்ததால் அந்தத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினால், கெடு 30 நாள் என்பதால் 29-வது நாள் பதில்: பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டுங்கள். நீங்களும் இதில் இறங்கினால் அந்தப் பணத்தை அன்றைக்கே கட்டிவிடுங்கள். கட்டும்வரை போகிற நாள்கள் அந்த 30-ல் சேராது. இது தெரியாமல் நான் இன்னும் ஒரு வாரத்தைத் தொலைத்தேன். இப்படி வரும் தாளை வைத்துத் தினசரிச் செய்தி போட முடியாது. மாதம் ஒரு கட்டுரை எழுதலாம்.

அடுத்தது ஏற்காடு. டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, 20 கொண்டை ஊசி வளைவும் பைக்கில் ஏறி, நாகலூர் பக்கம் போய் நின்றால் வீடெல்லாம் பூட்டு. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? சாயங்காலம்வரை ஒரு நாயோடு உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்த அம்மா ஒருவரிடம் கேள்வித்தாளை நீட்டி, "என்ன செய்தி படிக்கணும்னு ஆசைப்படறீங்க?" என்றேன். "நல்லதா போடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அப்புறம் ஏதோ தோன்றி, "கடைசியா எது தெரியாம அலைஞ்சீங்க?" என்று கேட்டேன். நின்றுவிட்டார். "கோடை விழா எங்களுக்கு எதுக்கு? கடைசி பஸ் வருமா வராதான்னு சொல்லுங்க, அது போதும்."

அன்றோடு கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டேன். அந்த ஒரு கேள்வியோடு கீழே இறங்கி ஊர் சுற்றினோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர், வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் நிற்பதைச் சொன்னார். ஆத்தூர் பக்கத்து விவசாயிக்கு, மரவள்ளிக் கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலையில் 'பாயிண்ட்' எத்தனை போட்டார்கள் என்பதுதான் செய்தி. மாவுச்சத்துக்குப் போடும் அந்தக் கணக்கில்தானே அவருடைய காசு இருக்கிறது. டவுனில் எல்லோரும் கேட்டது குடிதண்ணீர் என்றைக்கு வரும் என்று.

குற்றச் செய்தியை நாங்களே எடுத்துவிட்டோம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்குப் போடும் போக்சோ வழக்கில், குழந்தையை அடையாளம் காட்டக்கூடாது. சின்ன ஊரில் தெருப் பெயர் போட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எங்களிடம் வக்கீலும் இல்லை.

கடைசியில் ஐந்து நின்றது: தண்ணீர், பஸ், கிழங்கு விலை, கொலுசு, உள்ளாட்சி. சினிமா வேண்டும் என்றவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவருக்காக மாம்பழத்தை மட்டும் ஏப்ரலுக்கு விட்டுவைத்திருக்கிறேன்.