கல்லறைத் தோட்டமும் கரையான் தின்ற ஏடும்

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆரணிப் பக்கம் எங்கள் பங்கு, அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் வட்டாரம். தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றினோம். அப்புறம் பங்குச்சாமியாரிடம் கேட்டு, பழைய இறந்தோர் பதிவேட்டைப் பார்த்தேன்.

எங்கள் பங்கு சேர்ந்த வேலூர் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகள்) உருவானது 1952-இல். இந்த ஏடு அதைவிட ரொம்ப மூத்தது. எல்லாம் லத்தீன். பெயர், அப்பா பெயர், வயது, அவஸ்தைப்பூசுதல் (சாகும் தறுவாயில் சாமியார் எண்ணெய் பூசும் சடங்கு) கிடைத்ததா, அடக்கம் செய்த நாள், கீழே சாமியார் கையெழுத்து. 1614-ஆம் ஆண்டு ரோமைச் சடங்கு நூல் வகுத்த முறை அது.

தாது வருஷப் பஞ்சப் பக்கங்களில் (1876–78) புரட்டிய என் கை நின்றுவிட்டது. ஒரே நாளில் நான்கு பேர். கையெழுத்து சாய்ந்து, மை திட்டுத்திட்டாக. ஒரு வரியில் பெயரே இல்லை, 'குழந்தை' என்று மட்டும். தோட்டத்தில் அவர்களுக்குக் கல் கிடையாது, மண்மேடும் எப்போதோ கரைந்துவிட்டது. இந்த ஏட்டில் மட்டும்தான் இருக்கிறார்கள். அதன் ஓரத்தையும் கரையான் தின்றிருக்கிறது.

பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சாமியார் சம்மதித்துவிட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தொடங்குகிறேன். பழைய லத்தீன் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.