மார்க் இல்லாத இரண்டு நிமிடம்

"மிஸ், நான் பேசினது போதுமா?" என்று ஆங்கிலப் பேச்சுத் தேர்வு முடிந்து கதவருகே நின்று கேட்டான் என் மாணவன். "நல்லாப் பேசினாய், போ" என்றேன். அவன் பேசியது போதாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

என்னைப்போல மாலத்தீவில் டீச்சராக வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்வை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேம்பிரிட்ஜின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வை வகுப்பெடுத்த டீச்சரே நடத்தி, ஒலிப்பதிவு செய்து, மார்க்கும் போட வேண்டும். மார்க் சரிதானா என்று பார்க்க மாதிரிப் பதிவுகள் அங்கே போகும். அப்போதிருந்த முறையில் முதல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா பேச்சு. பிள்ளைகளின் பதற்றம் தணிவதற்காக மட்டும், மார்க் கிடையாது. அப்புறம் ஓர் அட்டை கொடுப்போம். அதிலுள்ள ஐந்து குறிப்புகளை ஒட்டி 6 முதல் 9 நிமிடம் உரையாடல். அதற்கு 30 மார்க்.

மார்க் இல்லாத அந்த நேரத்தில் அவன் பேசியதுபோல அந்த வருடம் யாரும் பேசவில்லை. விடுமுறையில் என்ன செய்தாய் என்றுதான் கேட்டேன். அப்பாவுடன் சூரை மீன் பிடிக்கப் போனதைச் சொன்னான். முதலில் குஞ்சு மீனைப் பிடித்து உயிரோடு தொட்டியில் வைத்துக்கொள்வார்களாம். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அதை வாரி இறைத்து, கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சி, வரிசையாக நின்று தூண்டில் போடுவார்களாம். தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்காது, மீன் தானாகக் கழன்று பின்னால் விழும் என்று கையால் காட்டினான். காலக் குறிப்பெல்லாம் தப்பு. 'யெஸ்டர்டே வீ கோ' என்றான். ஆனால் நிற்கவில்லை.

பிறகு அட்டையைக் கொடுத்தேன். கடைகளுக்குப் போய்ப் பொருள் வாங்குவது பற்றிய தலைப்பு. நாலே கடை உள்ள தீவு அது. முதல் குறிப்புக்கு இரண்டு வாக்கியம் சொன்னான். இரண்டாவதற்கு ஒன்று. மூன்றாவதில் நின்றுபோனான். கேள்வியை வேறு சொற்களில் ஒருமுறை மாற்றிக் கேட்டேன். அப்போதும் மௌனம். நான் நாலாவதற்குப் போய்விட்டேன்.

விதியை நான் மீறவில்லை என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். தலைப்பை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒருவனுக்கு மட்டும் கைத்தாங்கல் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அது அநியாயம். அன்று எனக்குப் பதினோராவது ஆள் அவன். ஃபேன் சத்தம் பதிவில் விழும் என்று அதையும் நிறுத்தியிருந்தோம். இதெல்லாம் உண்மை. இத்தனை வருடத்தில் எத்தனை முறை இதே வரிசையில் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

சிக்கல், வெள்ளிக்கிழமை பதிவுகளைக் கேட்டபோது தொடங்கியது. (அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்.) அவன் மௌனம் 18 விநாடி. அறையில் அது இரண்டு நிமிடம்போல இருந்தது. 18 விநாடிதான் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அவனுக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணின் பதிவில், அவளும் அதே தலைப்பில் தடுமாறியபோது, "மாலேயில் உன் அக்கா வீட்டுப் பக்கத்தில் கடைகள் எப்படி?" என்று என் குரலே கேட்டது. அக்கா தலைநகர் மாலேயில் இருப்பது அவள் முதல் இரண்டு நிமிடத்தில் சொன்னதுதான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசிவரை பேசிவிட்டாள். அப்படிக் கேட்டதே எனக்கு ஞாபகம் இல்லை.

அப்படியானால் அவனிடமும் கேட்டிருக்கலாம். "பிடித்த சூரையை யாரிடம் விற்பீர்கள், என்ன விலை?" விற்பதும் வாங்குவதும்தானே தலைப்பு? விதிக்குள் அடங்கிய கேள்விதான். அந்தப் பெண்ணுக்குத் தானாக வந்த கேள்வி அவனுக்கு ஏன் வரவில்லை?

ஒரு காரணம் தோன்றுகிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக்காரி. அப்பா நாட்டுப்படகில் போனவர். கல்லூரியில் முதல் வருடம் ஆங்கிலத்தில் எதையாவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வலை காயப்போடுவதைப் பற்றிப் பேசினேன். "இந்தக் கடக்கரைப் பேச்செல்லாம் இங்கே வேண்டாம், நல்லதா ஒரு டாபிக் எடு" என்றார் விரிவுரையாளர். அதற்குப் பிறகு மூன்று வருடமும் வாசிப்புப் பழக்கம், மரம் வளர்ப்பு என்று பேசித்தான் தேறினேன். ஆக, ரெக்கார்டர் ஓடும்போது மீன் பேச்சு பேச்சில் சேராது என்று எனக்குள் ஒன்று முடிவுசெய்து வைத்திருந்ததோ? அல்லது, களைப்பில் செய்த ஒரு பிசகுக்கு இவ்வளவு அழகான காரணத்தைப் பின்னால் நானே ஜோடித்துக்கொண்டேனோ? இரண்டாவதுதான் என்று சில நாள் தோன்றும். காரணம் அழகாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அவனுக்கு 30க்கு 12 போட்டேன். அது சரியான மார்க். அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது அவன் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். காயவைத்த சூரை, நம் ஊரில் மாசி என்கிறோமே அதுதான். மாலேயிலிருந்து திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வீடு வந்து சேர்வதற்குள் பைத் துணியெல்லாம் மாசி மணம். அம்மா இடித்துச் சம்பல் செய்தாள். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைகிட்ட நீ வேற என்னடி சொல்லியிருப்ப? ஒங்கப்பா வெறும் வலையோட கரைக்கு வந்தா, பரவாயில்லைன்னுதான நானும் சொல்லுவேன்?"

அப்பாவுக்கு வலை வெறுமையாக இருப்பது தெரியும் அம்மா, அவனுக்குத் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் கேட்டிருப்பான். அப்படியென்றால் நான் சொன்ன பொய் அவனை ஏமாற்றவே இல்லை. "இந்த மிஸ் உண்மை சொல்ல மாட்டாள்" என்பதை மட்டும் தெரிவித்தது. இதை யோசிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். ரூஃபியாவில் சம்பளம், அதை டாலராக மாற்ற அலைவது தனிக் கதை. இப்போது ஊரில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் வருவார்கள். பாதிப் பேருக்கு வளைகுடாவில் இன்டர்வியூ. முதல் நாளே கடலைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். ஒரு பையன், "டீச்சர், இதெல்லாம் இன்டர்வியூல கேக்க மாட்டாங்களே, ஏர்போர்ட், ஹோட்டல்னு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த விரிவுரையாளர் சொன்னதும் இதேதானோ என்று அன்று ராத்திரி முழுக்கக் குடைந்தது. மறுநாள் ஹோட்டல் பாடம் எடுத்தேன்.

மாலத்தீவுப் பையன் இப்போது அப்பாவின் தோணியில்தான் போகிறான். பெருநாளுக்குப் பெருநாள் வைபரில் வாழ்த்து வரும். போன மாதம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான்: தோணியின் பின்பக்கம் நிறையச் சூரை, வெயிலில் வெள்ளிபோல. இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் மிஸ் என்று கேட்டிருந்தான். 'சூரை' என்று பேசி அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து அவன் குரல் வந்தது. "சோரா." பின்னால் இன்ஜின் சத்தம்.

'வெரி குட்' என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன்.