நீல வாளி

ஜூலை 21, 2024, ஞாயிறு

மாட்டுவண்டி, குதிரைவண்டிப் பந்தய நோட்டீஸ் வந்துவிட்டது. சாயல்குடிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் முளைப்பாரித் திருவிழா. அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்குப் பெரிய மாடு, அடுத்தது சின்ன மாடு, கடைசியாகக் குதிரை. நடு குதிரை என்கிற நடுத்தரப் பிரிவுக்குப் போக வர 8 மைல். மற்ற நாளெல்லாம் கிலோமீட்டரில் பேசுகிறவர்கள் பந்தயம் என்றால் மட்டும் மைலுக்குப் போய்விடுகிறார்கள்.

என் குதிரை மருதாணியை அதில் பதிந்தாயிற்று. வண்டி ஓட்டுவது என் அத்தை மகன், எனக்கு மாப்ள. தண்ணீர், தீனி, கயிறு, சண்டை நான்கும் என் பொறுப்பு. வாரம் ஆறு நாள் உப்பளத்தில் கணக்கு எழுதிவிட்டு ஏழாம் நாள் லத்தி அள்ளப் போகிறாயா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

6 மணி என்று போட்டால் மாடு ஒன்பதுக்குக் கிளம்பும், குதிரை உச்சி வெயிலில் கிளம்பும். இது போட்டவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். ஆனாலும் ஆறுக்கே போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு போடும்போது பெயரை விட்டுவிடுவார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

லாடம் கட்ட பாய் வந்திருந்தார். ஆறு வாரத்தில் கட்டவேண்டியது, இந்தத் தடவை எட்டாகிவிட்டது. குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே போகும், லாடம் வளராது. பழையதைக் கழற்றி, குளம்பைச் சீவி, அளவு பார்த்து ஆணி அடித்து முடிக்க ஒரு மணி நேரம். அதற்குள் வேப்பமரத்தடியில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

ஒருவர் வந்து வாலுக்கு நேர் பின்னால் நின்றார். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், இந்த இரண்டு இடம்தான் தெரியாது. அங்கிருந்து ஓர் இருமல் கேட்டால் அது யார் என்னவென்று விசாரித்துக்கொண்டிருக்காது, உதைத்துவிடும். "அண்ணே, இப்படித் தோள் பக்கமா வந்து நில்லுங்க" என்றேன். "நான் பாக்காத குதிரையாப்பா?" என்றார், நகரவில்லை. மருதாணியின் இரண்டு காதும் பின்னால் போய் கழுத்தோடு ஒட்டிக்கொண்டன. பாய் மடியில் வைத்திருந்த காலை மெதுவாகத் தரையில் இறக்கினார், வாயிலிருந்த ஆணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், ஒரு பீடியைப் பற்றவைத்தார். "அவுக பாத்து முடிக்கட்டும். அப்பறம் அடிப்பம்."

அண்ணன் போக இரண்டு பீடி ஆனது.

இன்னொருவர் சுழி பார்த்தார். கழுத்தில் இருக்கிற சுழி எசமானுக்கு ஆகாதாம். அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கும்போதே நாலு பேர் உதட்டைப் பிதுக்கிய சுழிதான், அதனால்தான் என் விலைக்குக் கிடைத்தது. சில வருடமாகிறது. கடனைத் தவிர எசமானுக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூலை 25, வியாழன்

கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிறது. விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மைல் ஓட்டிப் பழக்கினோம். எங்கிருந்தோ ஒரு பைக் வந்து பக்கத்திலேயே ஓடியது. பின்னால் இருந்தவன் விசிலடித்துக்கொண்டே வந்தான். உற்சாகப்படுத்துகிறானாம்.

ஜூலை 27, சனி

கொள்ளு ஊறுகிறது. தண்ணீர்க் கேன் நான்கு நிரப்பியாயிற்று. சும்மா நிற்கிற நாளிலேயே குதிரை முப்பது லிட்டர் குடிக்கும், ஓடுகிற நாளில் கணக்கே இல்லை. போகிற ஊரில் கிணறெல்லாம் உவர். மனிதர்களே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். அங்கே போய்க் குதிரைக்குத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வராது.

வாளிதான் பெரிய கதை. பங்குனியில் ஒன்று போனது, வைகாசியில் ஒன்று போனது. "ஒரு நிமிசம் குடுங்கண்ணே" என்று வாங்கிப் போவார்கள், அவ்வளவுதான். போனதுகூடப் பெரிதில்லை. ஒரே வாளியில் பத்துக் குதிரை வாய் வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்றுக்குச் சளி இருந்தால் போதும். முதலில் காய்ச்சல், அப்புறம் மூக்கில் மஞ்சளாக ஒழுகும், தாடைக்கு அடியில் கட்டி கிளம்பும். கால்நடை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், வாளியைக் கொடுக்காதே, வாங்காதே என்று. புதிதாக ஒரு நீல வாளி வாங்கிவிட்டேன். பெயர் எழுத பெயிண்ட் தேடினேன், வீட்டில் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு, இரவு

உடம்பெல்லாம் புழுதி. குளிப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன், குளித்தால் கோபம் ஆறிவிடும்.

ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியைப் பின்புறமாக விட்டு நிறுத்தி டீ குடித்துத் திரும்புவதற்குள் ஒரு வெள்ளைக் கார், கதவைத் திறக்க முடியாதபடி ஒட்டி நிற்கிறது. உள்ளே மருதாணி காலைத் தட்டுகிறது. மைக்கில் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள், நன்கொடையாளர் பெயர்களுக்கு நடுவே கார் நம்பரையும் ஒரு நன்கொடை மாதிரி வாசித்தார்கள். கார்க்காரர் முக்கால் மணி கழித்து இலையில் சாப்பிட்ட கையோடு வந்தார். "சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே."

இறக்கிக் கட்டிய பிறகு ஒரு அப்பா, கேட்காமல் கொள்ளாமல், தன் மகனைத் தூக்கி மருதாணி முதுகில் உட்காரவைத்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு பின்னால் பின்னாலேயே போகிறார். வண்டி இழுக்கப் பழகிய குதிரை, முதுகில் ஆள் ஏறிப் பழக்கமே இல்லை. பையன் பயத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நான் ஓடிப்போய் அவனை இறக்கினேன். இறக்கிய வேகத்தில் அப்பாவைச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று சொல்லிவிட்டேன். பையன் அப்போதுதான் அழுதான். அது என் தப்புதான்.

இதற்குள் யாரோ மந்தாரை இலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வாயருகே நீட்டியிருக்கிறார்கள். மாப்ள பார்த்துத் தட்டிவிட்டான், ஆனாலும் ஒரு வாய் போய்விட்டது. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது உள்ளேதான். வயிற்றுவலி வந்தால் படுத்துப் புரண்டே செத்துப்போகும். இதைச் சொன்னால், "அம்மன் பிரசாதம் ஒன்னும் செய்யாது தம்பி" என்கிறார் ஒரு பெரியவர். பிரசாதத்தை எதிர்த்துப் பேச எனக்குத் துணிவில்லை.

பதினொன்றே காலுக்குக் குதிரை. வரிசையில் நிறுத்தியதும் பின்னால் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். கொட்டுக்கு மருதாணி மிரண்டதே இல்லை, அதற்கு ஒரு தாளம் இருக்கிறது. வெடி அப்படியில்லை. முன்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. கொடி அசைத்தபோது எங்கள் வண்டி கோணலாக நின்றது.

நாற்பது பைக்காவது கூடவே ஓடியிருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று பேர். நான் கடைசி பைக்கில், புகைக்குள். சேதியை மாப்ளதான் வந்து சொன்னான். எல்லையில் திரும்பும்போது முன்னாலிருந்த வண்டிக்காரரின் ஆள் ஒருவன், பைக்கிலிருந்தபடியே துண்டை மருதாணியின் முகத்துக்கு நேரே சுழற்றியிருக்கிறான். கண்பட்டை போட்ட குதிரைக்கு முன்னால் திடீரென்று ஒரு வெள்ளை. ரோட்டை விட்டு இறங்கி கருவேலங்காட்டு ஓரம்வரை போய்த்தான் நின்றதாம். நாலாவதாக வந்தோம். பரிசு மூன்றுக்கு.

ஒன்றை எழுதாமல் விட்டால் பாவம். கமுதிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும். எங்களுக்கும் பின்னால் வந்தார். வந்ததும் யாரிடமும் பேசவில்லை. வாரை அவிழ்த்தார், குதிரையைக் கையில் பிடித்து நிழலில் நடத்தினார், விலாவில் மூச்சு அடங்கும்வரை போவதும் வருவதுமாக. இரண்டு இரண்டு மடக்காகத் தண்ணீர் காட்டினார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கமிட்டியிடம் போய், அரை மணி நேரம், நான் இதுவரை கேட்டிராத வசவுகளோடு சண்டை போட்டார்.

ஜூலை 29, திங்கள்

காலையில் இடது முன்கால் நொண்டல். குளம்பைத் தூக்கிச் சுரண்டிப் பார்த்தால் நடுவிலிருக்கிற மெத்தைச் சதையில் கருவேலமுள், ஒடிந்து கறுப்புப் புள்ளியாக. இடுக்கியால் இழுத்தால் முக்கால் விரல் நீளம் வருகிறது. டாக்டரைக் கூப்பிட்டுத் தடுப்பூசி போட்டாயிற்று. முள் குத்தினால் குதிரைக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், லேசில் வந்துவிடும்.

வயிறு பரவாயில்லை. இரவு நான்கு தடவை எழுந்து லத்தி போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மார்க்கோ போலோ நம் பக்கம் வந்து எழுநூறு வருடத்துக்கு மேலாகிறது. பாண்டிய ராஜா வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குவார், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது, வேகவைத்த சோறும் கறியும் போட்டு வளர்க்கத் தெரியாமல் சாகடிக்கிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். லாடம் கட்டத் தெரிந்தவன் இங்கே வராதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொள்வார்களாம். படித்தபோது வெளியூர்க்காரன் கதை விடுகிறான் என்று நினைத்தேன். நேற்றைய பொங்கலைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் கோயில் கட்டிய மாணிக்கவாசகர் எத்தனை குதிரையைக் காப்பாற்றினாரோ.

ஜூலை 31, புதன்

நொண்டல் குறைந்திருக்கிறது. வேறொன்றுமில்லை. அந்தப் பையனின் முகம் இடையிடையே வருகிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வண்டியைக் கழுவினேன். கேன், சாக்கு, கயிறு, நீல வாளி. வாளியைக் கவிழ்த்துத் தேய்த்தால் அடியில் சிவப்பு பெயிண்டில் இரண்டு எழுத்து, ஒரு போன் நம்பர். என் வாளியில் எதுவும் எழுதவில்லையே.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மருதாணி இதில்தான் குடிக்கிறது.

நம்பரைப் போட்டேன். நான் பேச ஆரம்பித்ததுமே, "நீலக் கலர்தானே? அன்னைக்கே மைக்கில நாலு தடவை சொன்னோமேய்யா" என்றார். கமுதிப் பெரியவரின் குரல். மன்னிப்புக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, அவர் குதிரைக்குச் சளி கிளி ஏதும் உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எங்கிட்ட இருக்கிறது உன் வாளி. அதை நான் கேக்கணும்."

இல்லை என்றேன். இருவரும் இரண்டு வாரம் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. மாலை தெர்மாமீட்டரில் 100.4. குதிரைக்கு 101 வரை சாதாரணம்தான். மூக்கு காய்ந்திருக்கிறது. நாளைக் காலை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.