'பட்டுத்தான் தீர்க்கணும் சிஸ்டர்'

தீராத நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வலிதணிப்பு வார்டில் நான் நர்ஸ். இங்கே எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது மருந்தைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ அல்ல. 'நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எனக்கு ஏன் இப்படி?' என்பதுதான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இதை யாரும் கேட்பதில்லை. இரவு டியூட்டியில் ட்ரிப்ஸ் மாற்றும்போதும் போர்வையைச் சரிசெய்யும்போதும் கேட்பார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வேலையில் இருந்துகொண்டு, 'மனிதன் தன் மத நம்பிக்கையைத் தானே கேள்வி கேட்கலாமா?' என்பதைப் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி என்னால் பார்க்க முடிவதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் யார் கேட்பது, எப்போது கேட்பது என்பதைப் பொறுத்து அது ஆளைத் தூக்கியும் விடும், கீழே தள்ளியும் விடும்.

ஒரு பெரியவர் இருந்தார். எலும்புவரை பரவிய புற்றுநோய். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எப்போதும் 'மூணு' என்பார். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். நெற்றி வேர்த்திருக்கும், நாடி நூறைத் தாண்டி ஓடும். திருப்பிப் படுக்கவைக்கும்போது பல்லை நறநறவென்று கடிப்பார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையை எங்கள் கண் முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, நாங்கள் நகர்ந்ததும் துப்பியிருக்கிறார். தலையணை உறைக்குள் பாதி கரைந்த மாத்திரைகள் கிடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"ஏன் ஐயா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"பட வேண்டியதைப் பட்டுத்தான் தீர்க்கணும் சிஸ்டர். இங்க தப்பிச்சா அங்க போய்ப் படணும்."

அவர் எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை. அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். வலி என்பது பாவத்துக்கான கணக்குத் தீர்ப்பு என்ற பேச்சை வெவ்வேறு மதத்தவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன் என்பது இன்னொரு காரணம்.

நான் அவரிடம் வாதாடவில்லை. உயிர் போகிற வலியில் இருப்பவரிடம் தத்துவம் பேசுவது கொடுமை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இதே வலி உங்க மகளுக்கு வந்தா, மாத்திரை போடாதேன்னு சொல்லுவீங்களா ஐயா?"

பதில் வரவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் தன் மதகுருவைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வந்தார், திரையை இழுத்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை சரியாக வருகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கிற ஆளாகிவிட்டார் அவர். ஒருநாள் அவராகவே சொன்னார்: "வலி இருந்தப்ப கடவுளை நினைக்கவே முடியலை சிஸ்டர். வலியைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. அதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, இது உண்மைதானா என்று பார்த்தார். ஒரு செங்கல்லை உருவினால் வீடே இடிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் எதையுமே தொட்டுப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை அப்படி இடிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் கேட்கத் தயங்குகிற கேள்வியை நம் மதத்துக்குள்ளேயே யாரோ முன்பே கேட்டு, பதிலும் வாங்கியிருப்பார்கள். கடும் வலிக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா, அதனால் ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லையா என்று மயக்கவியல் டாக்டர்கள் போப்பாண்டவரிடமே கேட்டார்கள். வேறு வழி இல்லாதபோது, மற்றக் கடமைகளுக்கு அது தடையாக இல்லையென்றால் கொடுக்கலாம் என்று 1957-இல் அன்றைய போப் பன்னிரண்டாம் பயஸ் பதில் சொன்னார். நோயாளிகள் நோன்பை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. ஓர் உயிரைக் காப்பாற்ற ஓய்வு நாள் விதியை மீறலாம், மீறவே வேண்டும் என்பது யூத மரபு. இவ்வளவு இடம் இருப்பது தெரியாமலே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்த, 55 வயதைத் தாண்டிய சுமார் 600 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து, உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்டது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், அவருக்கு என்மேல் அன்பில்லை என்று உள்ளுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. அப்படியானால் கேள்வியே ஆபத்தா?

நான் அதை அப்படிப் படிக்கவில்லை. உடம்பில் தெம்பு இல்லாதபோது, பேச ஆளில்லாமல், முதல்முறையாக அந்தக் கேள்வி வந்து மேலே விழுந்தால் யாராலும் தாங்க முடியாது. எங்கள் வார்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். நல்ல நாளிலேயே தன் நம்பிக்கையோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆனவர்களுக்கு நோய் வரும்போது அந்தக் கேள்வி புதிதல்ல. அழுவார்கள், கோபப்படுவார்கள், ஆனால் நிலைகுலைவதில்லை. அன்னை தெரசாவுக்கே பல பத்தாண்டுகள் கடவுளின் அண்மை தெரியாமல் இருட்டாக இருந்தது என்பது, அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007-இல் வெளியான கடிதங்களால் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த இருட்டோடுதான் அவர் தினமும் எழுந்து வேலை பார்த்திருக்கிறார்.

எதையும் கேட்டுப் பார்க்காத நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். 'முழு நம்பிக்கை வைத்தால் குணமாகிவிடும்' என்று உறவினர்கள் வந்து வந்து சொன்னார்கள். அன்பால்தான் சொன்னார்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. அன்று இரவு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் நம்பிக்கை பத்தலை போல சிஸ்டர்" என்றார். நோயோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்துப் பிரார்த்தனை பற்றி ஒரு பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. பிறர் தங்களுக்காகப் பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்தவர்களிலோ 59 சதவீதம். பிரார்த்தனை வீண் என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை, நானே பிரார்த்திக்கிறவள். அது அளந்து கொடுத்து அளந்து பலன் பார்க்கும் மருந்தல்ல, அவ்வளவுதான். அந்த அம்மாவைச் சுற்றி நின்றவர்களில் ஒருவராவது இதை முன்பே யோசித்திருந்தால், அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது.

சரி, அதற்காக மற்றவர் நம்பிக்கையை நாம் போய்ப் பிடுங்கலாமா? கூடாது. மதத்தை விட்டுவிட்ட ஒரு மகன், கடைசி நாட்களில் இருந்த தாயிடம் "இன்னுமாம்மா இதையெல்லாம் நம்புறே?" என்று தினமும் வந்து வாதம் செய்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அது அவருடைய கேள்வி, அந்த அம்மாவுடையது அல்ல. அவரை வெளியே கூப்பிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று சொன்னேன்.

என் நம்பிக்கை என் உடம்போடு நிற்கிறவரை அதைக் கேள்வி கேட்பதும் கேட்காததும் என் இஷ்டம். அது இன்னொருவர் உடம்பைத் தொடும்போது அப்படி விட்டுவிட முடியாது. ரத்தம் ஏற்றிக்கொள்வதை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான யெகோவாவின் சாட்சிகளில் வயதுவந்த ஒருவர் தனக்கு ரத்தம் ஏற்றக் கூடாது என்றால் அதை மதிக்கிறோம். குழந்தைக்கு வேண்டாம் என்று பெற்றோர் சொல்லும்போது பல நாடுகளில் நீதிமன்றம் தலையிட்டு ரத்தம் ஏற்றச் சொல்லியிருக்கிறது. அது சரி என்றே நினைக்கிறேன். அந்தக் குழந்தை இன்னும் எதையும் நம்பவோ மறுக்கவோ தொடங்கவில்லை.

என்னைக் கேட்டால், நோய் தண்டனை என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்ததை இந்த வேலையில் சேர்ந்த பிறகு விட்டுவிட்டேன். குழந்தைகளுக்கு மார்பின் அளந்து கொடுத்த கையோடு அதை என்னால் நம்ப முடியவில்லை. ஷிப்ட் தொடங்கும் முன் பிரார்த்திப்பதை விடவில்லை. இறந்த பிறகு என்ன என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. நோயாளி கேட்டால் அதையே சொல்கிறேன், அப்புறம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.