ஆட்சேபணை மனு உள்ளே வந்த பிறகு

உள்ளாட்சி அலுவலகம் ஒன்றின் வரிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சொத்து வரி உயரப் போகிறது என்று அறிவிப்பு வந்தால் தெருவுக்குத் தெரு கூட்டம் நடக்கும், கையெழுத்து வாங்குவார்கள், அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் மனு உள்ளே என்ன ஆகிறது என்பது, பாடுபட்டுக் கையெழுத்து வாங்கியவர்களுக்கே தெரிவதில்லை.

தபால் பிரிவில் முத்திரை குத்தி, எண் போட்டு எங்கள் மேசைக்கு வரும். பெரும்பாலும் ஒரே வாசகத்தை அச்சடித்து, ஆளுக்கொரு பெயரும் முகவரியும் எழுதியிருப்பார்கள். வரி உயர்வைக் கண்டிக்கிறோம், திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான். கட்டுக் கட்டாக வந்தாலும் கோப்பில் குறிப்பு எழுதும்போது ஒரே பத்தியில் அடங்கிவிடும்: ‘பொதுவான எதிர்ப்பு, குறிப்பான காரணம் எதுவும் இல்லை.’ எழுதுகிறவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அவரும் எங்கோ வரி கட்டுகிறவர்தான். ஆனால் காரணம் சொன்னால்தான் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும்.

ஒருமுறை வயதான அம்மா ஒருவர் கையால் எழுதிய ஒரு பக்க மனுவோடு வந்தார். அவர் வீட்டுக்குப் பிரதான சாலைக்குரிய விகிதத்தில் வரி போட்டிருந்தார்கள். வீட்டின் பக்கச்சுவர்தான் அந்தச் சாலையைப் பார்த்திருந்தது. வாசல் பின்னால் உள்ள சந்தில். இதைப் பென்சிலால் வரைந்தே காட்டியிருந்தார். தன் வீட்டை மட்டுமல்ல, அதே வரிசையில் இருந்த மற்ற வீடுகளையும் வரைந்து, ஒவ்வொன்றின் வாசலுக்கும் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். அந்த மனுவை எந்தப் பத்திக்குள்ளும் சேர்க்க முடியவில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. போய்ப் பார்த்ததும் அந்த வரிசை முழுக்க விகிதம் மாறியது. மனு கொடுக்காத வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

அதற்காக அச்சடித்த மனுக்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்து அசைபவர்கள் மன்ற உறுப்பினர்கள். விகிதத்தை முடிவு செய்வது மன்றத் தீர்மானம். அந்த விகிதம் என் வீட்டுக்குச் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்பது அலுவலகத்தின் வேலை. கூட்டத்தோடு உறுப்பினரைப் பார்க்க வேண்டும், கணக்கோடு அலுவலகத்துக்கு வர வேண்டும். பல இயக்கங்கள் இதை மாற்றிச் செய்து ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்களைக் கலங்கவைத்த கேள்வி என்றால், ஒரு குடியிருப்போர் சங்கம் வரவுசெலவுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதுதான்: பெரிய கட்டடங்களின் நிலுவை எவ்வளவு, அதை வசூலித்தால் இந்த உயர்வு தேவைப்படுமா? நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த கேள்வி அது. வெளியிலிருந்து வந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

1928இல் குஜராத்தின் பர்தோலியில் நடந்த போராட்டம் என்றால் நமக்கு வல்லபாய் பட்டேலும் வரி கட்ட மறுத்த விவசாயிகளும் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் போராட்டத்தின் கணக்கு வேலையை நாம் அதிகம் பேசுவதில்லை. அரசு நிலவரியை 22 சதவீதம் உயர்த்தியிருந்தது. போராட்டத்துக்குப் பின் புரூம்ஃபீல்ட், மேக்ஸ்வெல் என்ற இரு அதிகாரிகள் விசாரித்தார்கள். மகாதேவ் தேசாய், நரஹரி பரீக் போன்றவர்கள் விவசாயிகள் தரப்பு விவரங்களைத் திரட்டிக் கொடுத்தார்கள். உயர்வுக்கு அடிப்படையாக வைத்த குத்தகைப் புள்ளிவிவரங்களை நம்ப முடியாது என்று விசாரணையில் தெரிந்தது. 6 சதவீதம் அளவுக்குத்தான் உயர்த்தலாம் என்றார்கள். விசாரணை வரும்படி செய்தது மக்களின் உறுதி. விசாரணைக்குள் பேசியது கணக்கு.

நடைமுறையில் இதற்கு நேரம் வேண்டும். கெடு முடியும் நாளில்தான் மனுக்கள் குவியும். அடிப்படைக் கணக்கைக் காட்டுங்கள் என்று முதல் வாரத்திலேயே எழுதிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்டால், அதை எடுத்துவைக்கும்போதே அலுவலகமும் தன் கணக்கை இன்னொரு முறை சரிபார்க்கும்.

வென்ற இயக்கங்களிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. கலிபோர்னியாவில் சொத்து வரிக்கு வரம்பு கட்டும் ‘புரொபொசிஷன் 13’ என்ற முன்மொழிவு 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. வரி வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த மதிப்பும் வீடு கைமாறும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று ஆனது. வரி கட்ட முடியாமல் வீடே போய்விடுமோ என்று பயந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அப்புறம் ஒரே மாதிரி இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், புதிதாக வாங்கியவர் பல மடங்கு கட்டும் நிலை வந்தது. போராட்டம் நடந்தபோது அவர் அங்கே இல்லை. அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை.

எங்கள் மேசைக்கு வந்த மனுக்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுடையது அபூர்வம். நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்குப் போகிறது, சங்கமும் உரிமையாளர்கள் சங்கம்தான். உயர்வு மட்டும் பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்து அவர்களிடம் போய்விடுகிறது. கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் மாடிப்படி ஏறி அவர்களையும் கேட்டு எழுதி வாங்கினால், அதுவரை கோப்பில் இல்லாத ஒரு காரணம் உள்ளே வரும். அதற்கும் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும்.